படத்தில் நாலாவது ஆள்

தம்பி,

சுகமா என்று கேட்டுத் தொடங்கும் கடிதம் இல்லை இது. நீயும் அபிநயாவும் லிஸ்பனில் ஆற்றங்கரையில் நிற்கும் படத்தை நேற்று அனுப்பியிருந்தாய். சுகமாகத்தான் இருக்கிறீர்கள். நான்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். கலியாணத்துக்கு வந்த சனம் எல்லாம் கனடாவுக்கும் லண்டனுக்கும் திரும்பிப் போய், இரவல் வாங்கிய பெரிய சட்டிகளைக் கழுவிக் கொடுத்து, வீடு அடங்கிய பிறகும் இந்தக் கோபம் மட்டும் அடங்கவில்லை. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் "பிறகு கதைக்கிறன் அம்மா" என்கிறாய். குரல் பதிந்து அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓட்டித்தான் கேட்கிறாய் என்று அபிநயா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. புதன்கிழமை புதன்கிழமையாக உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குப் பலன் கேட்கிறேன், இருந்து வாசி. விளங்காத இடத்தை அபிநயா வாசித்துக் காட்டுவாள். உறையில் போட்டு ஒட்டவும் மாட்டேன். நீ செய்த வேலையை மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் திரை கட்டிக் காட்டினாய். நான் சொல்வதையும் நாலு பேர் பார்க்கட்டும்.

உன் கலியாணச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு நீ ஓடவிட்ட படங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். எட்டாவது பிறந்தநாளில் தொடங்கி, வருடத்துக்கு ஒன்றாக, ஸ்ரூடியோவில் எடுத்த எங்கள் குடும்பப் படங்கள். நீ வளர வளர உன் அப்பாவின் தலை வழுக்கையாகிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், முதல் இரண்டு படம் வரைக்கும். மூன்றாவது படத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. எங்கே யோகன்? இந்தப் படங்களில் வலது பக்கத்து ஓரத்தில் எப்போதும் நிற்பாரே, அந்த மனிதர் எங்கே? அடுத்த படம் வந்தது, இல்லை. அதற்கடுத்தது, இல்லை. அப்பா, அம்மா, நீ. மூன்றே மூன்று பேர், பெரிய திரையில், வருடம் வருடமாக. யோகன் மாமாவை ஒரு படம் விடாமல் வெட்டி எறிந்திருந்தாய்.

அவர் எங்கே இருந்தார் என்று உனக்குத் தெரியுமா? கதவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தார். விடியற்காலையில் வந்து, வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்து, சந்தனம் காட்டி, "வாங்கோ, வாங்கோ, பொடியன்ர தாய் தகப்பன் உள்ளுக்கு நிக்கினம்" என்று கும்பிட்டு அனுப்பியவர் அவர்தான். தான் வேலை செய்யும் உணவகத்தில் "என்ர மகன்ர கலியாணம்" என்று சொல்லித்தான் லீவு கேட்டிருக்கிறார். பிரெஞ்சு முதலாளிக்கு மருமகன், பெறாமகன் என்றெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? கடைசிப் படம் முடிந்து விளக்கைப் போட்டபோது நான் அந்த மேசையைப் பார்த்தேன். இலை விரித்தபடி இருந்தது, சோறு போட்டபடி இருந்தது, ஆளைக் காணவில்லை. எங்கள் கலியாண வீட்டில் ஒரு மனிதர் சாப்பாட்டில் கை வைக்காமல் எழும்பிப் போயிருக்கிறார். அதைவிட எனக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்?

மறுநாள் உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "அது கொம்பொசிசியோனுக்காக அம்மா. ஓரத்தில நிக்கிற ஆள் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். ஓரம் சுத்தமா இருக்கவேணும்." ஓரம் சுத்தமாக! யோகன் என்ன குப்பையா?

கொம்பொசிசியோன், படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்கிற கணக்கு, எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்தப் படிப்பை நீ என் மேல்தான் படித்தாய். பாரிசுக்கு வெளியே, ஸ்தேனில் அந்த இரண்டு அறை வீட்டில், நான் வெங்காயம் உரித்தாலும் கமரா, உடுப்புக் காயப் போட்டாலும் கமரா. ஒருநாள் என்னை யன்னலோரம் நிற்க வைத்து எடுத்த படத்தில் நான் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிறேன், மிச்சமெல்லாம் வெறும் சுவர். "ஏன்டா, இந்தப் பக்கம் இன்னும் ஆரும் வரவேண்டியிருக்கோ?" என்று கேட்டேன். நீ பொறுமையாகக் கீறிக் காட்டினாய். படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டும், ஆளை நடுவில் நட்டுவைக்காமல் அந்தக் கோடுகளில் ஒன்றில் நிறுத்த வேண்டும், ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் பார்வை போக இடம் விட வேண்டும். பிறகு ஒருநாள் குசினி மேசையில் மூன்று கத்தரிக்காயை வைத்து எடுத்தாய். நாலாவதையும் நான் கொண்டுவந்து வைத்தபோது கையைத் தட்டிவிட்டாய். "ஒற்றை எண்ணிக்கைதான் வடிவு அம்மா. நாலு வைச்சால் கண் இரண்டு இரண்டாப் பிரிச்சுப் போடும்." எனக்குக் கறிக்கு நாலும் வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் நீ சொன்னதை நான் கேட்டேன். சேலைக்கடையில் வேலை செய்கிறவளுக்குக் கரை எங்கே முடிய வேண்டும், முந்தானை எங்கே விழ வேண்டும் என்று தெரியாதா? எனக்கு விளங்கியது. இன்றைக்கும் கண்ணாடி அலமாரியில் சேலைகளை மூன்று மூன்றாகத்தான் அடுக்குகிறேன், உன்னால்.

ஆனபடியால் உன்னுடைய சட்டத்தை வைத்தே உன்னைக் கேட்கிறேன். ஆளை மூட்டில் வெட்டக்கூடாது என்று நீதானே சொன்னாய்? முழங்காலில் வெட்டாதே, முழங்கையில் வெட்டாதே, மணிக்கட்டில் வெட்டவே வெட்டாதே, கை முறிந்தது மாதிரித் தெரியும் என்று. உன் பன்னிரண்டாவது பிறந்தநாள் படத்தை எடுத்துப் பார். யோகன் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற படம் அது. ஆளை வெட்டிவிட்டாய், கையை வெட்ட முடியவில்லை, வெட்டினால் உன் தோளும் போய்விடும். ஆகவே உன் தோளில் ஒரு கை மட்டும் இருக்கிறது, மணிக்கட்டு வரைக்கும். கோப்பை கழுவிக் கழுவித் தோல் வெளிறிய கை. மண்டபத்தில் அதைப் பார்த்து முன்வரிசையில் இருந்த சின்னப்பிள்ளை ஒன்று "அது ஆர்ர கை?" என்று உரக்கக் கேட்டது. சனம் அதற்கும் சிரித்தது. வேட்டைப்பல் விழுந்திருந்த வருடத்துப் படத்தை எடுத்துப் பார். யோகன் ஏதோ பகிடி சொல்ல, நீ அவரைத் திரும்பிப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறாய். இப்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய்? படத்தின் விளிம்பைப் பார்த்துச் சிரிக்கிறாய். பார்வை போக இடம் விட வேண்டும் என்றவன், பார்வை போன இடத்தையே வெட்டிவிட்டாய். பத்துப் பேர் கைதட்டினால் படம் நல்ல படமாகிவிடுமா? நீ படித்த படிப்புக்கே அது பிழை. அதைச் சொல்லவும் நான்தான் வரவேண்டியிருக்கிறது.

இதற்கு நீ ஒரு மறுமொழி வைத்திருந்தாய், அதுதான் என்னைக் கூடச் சுட்டது. "நீங்களும் கணக்குக்குத்தானே அவரைக் கூப்பிட்டனீங்கள்?" ஓம், முதல் வருடம் கணக்குக்குத்தான். மறைக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுத்தால் அதில் ஒருவர் பிரிந்துவிடுவார் என்று எங்கள் சனத்திடம் ஒரு பயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எந்த ஸ்ரூடியோவிலும் மூன்று பேராகப் போய் நின்றால் படம் எடுக்கிறவரே நாலாவதாக ஒருவரைத் தேடுவார். நாங்கள் மூன்று பேர் குடும்பம். 2009இல், உன் எட்டாவது பிறந்தநாளுக்கு, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், பாஸ்போட் படம் எடுக்கும் கடையில், அருவி கீறின திரைக்கு முன்னால் போய் நின்றோம். கடைக்காரர் கமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"மூண்டு பேரோ அண்ணை? நாலாவது ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

யோகன் அப்போது எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தவர். சாமான் வாங்க எங்களோடு லா சப்பலுக்கு வந்து, பையோடு வெளியே நின்றார். உன் அப்பா கண்ணாடியில் தட்டி அவரைக் கூப்பிட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, வலது பக்க ஓரத்தில், அரைவாசி உடம்பு படத்துக்கு வெளியே போகிற மாதிரி நின்றார். பையைக் கீழே வைக்கவும் மறந்துபோனார். அந்தப் படத்தில் அவர் கையிலிருக்கிற பைக்கு வெளியே லீக்ஸ் கீரைக் கட்டு நீட்டிக்கொண்டு நிற்கும். அதைத்தான் நீ முதலில் வெட்டியிருக்கிறாய்.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று உனக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. யோகனின் மனைவியும் மகளும் வன்னியில் இருந்தார்கள். அவர் தொலைபேசி அட்டையைச் சுரண்டிச் சுரண்டி எண்ணை அமத்துவார், மறுபக்கம் மணி போகாது. அட்டை கீழே விழுந்து கிடக்கும், நீ பொறுக்கி விளையாடுவாய். பிறகு யுத்தம் முடிந்தது என்றார்கள். அவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. முகாமில் இருப்பார்கள் என்றார்கள், அங்கேயும் இல்லை. உன் வயதுதான் அந்தப் பிள்ளைக்கு.

அடுத்த வருடம் உன் பிறந்தநாள் வந்தபோது அவரிடம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிற மனிதரை, எங்கள் பிள்ளையோடு வந்து சிரித்துக்கொண்டு நில்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? சொல்லாமலே போனோம். கடைக்காரர் தன் மனைவியை நாலாவது ஆளாக நிற்கக் கூப்பிட்டார். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்ற நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு யோகன் வந்தார். உணவகத்துக் குசினியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார், ஏப்ரன் கூடக் கழற்றவில்லை, முன்பக்கம் முழுக்க ஈரம். கோபித்துக்கொண்டுதான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நான் வராமல் எடுத்துப் போடாதேங்கோ அக்கா" என்றார்.

ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கடைக்காரரின் மனைவியை "நீங்கள் இருங்கோ தங்கச்சி" என்று அனுப்பிவிட்டு, போய் அதே ஓரத்தில் நின்றார். வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பாவிடம் சொன்னார். இங்கே வருவதற்கு முன், கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில், மனைவியோடும் மகளோடும் ஒரு படம் எடுத்தாராம். நாலாவதாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அந்த ஸ்ரூடியோக்காரர் சொன்னாராம். "சும்மா விசர்க்கதை கதைக்காமல் எடும் எண்டு சொன்னனான் அண்ணை. நான்தான் சொன்னனான்." இதைச் சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. உன் அப்பா, இதெல்லாம் மூடநம்பிக்கை, குண்டு போட்டவன் இருக்க நீ ஏன் கமராவைக் குற்றம் சொல்கிறாய் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. எனக்கும் அந்த நம்பிக்கை இல்லை, தம்பி. மூன்று பேர் படம் எடுத்ததாலா வன்னியில் அவ்வளவு சனம் செத்தது? ஆனால் ஒரு மனிதருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே காவல் வேலை அது என்றால், அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

அதற்குப் பிறகு அவரை நாங்கள் ஒருநாளும் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்தார். நீ வளர்ந்து உனக்குத் தனி அறை வேண்டும் என்று நின்றபோது, முகம் சுளிக்காமல் லா சப்பலில் ஒரு சின்ன அறை பார்த்துக்கொண்டு போனவர், உன் பிறந்தநாளுக்கு மட்டும் தவறாமல் வந்தார். மழையிலும் வந்தார். ரயில்காரர் வேலைநிறுத்தம் செய்த வருடம் எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் கடைவாசலில் வந்து நின்றார். உனக்குப் பதினாறு வயதில், "எனக்கு இந்த அருவிக்கு முன்னால நிக்கிறது வெக்கமா இருக்கு" என்று நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, உன்னைக் கெஞ்சிக் கூட்டி வந்தது யார்? நாங்களா? அந்த வருடம் உனக்கு முதல் கமரா வாங்க அவரும் பங்கு போட்டார் என்பதை நான் இங்கே எழுதக்கூடாது, அவர் கோபிப்பார். எழுதிவிட்டேன்.

இனி நீ சொன்ன கடைசிக் கதைக்கு வருகிறேன். "இப்ப அபியும் வந்திட்டா, நாங்கள் நாலு பேர்தானே அம்மா, இனி அவர் தேவையில்லைத்தானே" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். சமாதானப்படுத்தத்தான் சொன்னாய், தெரியும். எனக்குத் தொலைபேசியைச் சுவரில் எறிய வேண்டும் போல் இருந்தது. அபிநயா என் மருமகள். காலியான கதிரையை நிரப்ப நான் அவளைக் கூட்டி வரவில்லை. அப்படி ஓர் இடத்தில் வைத்து அவளைப் பார்ப்பது அவளுக்கும் மரியாதை இல்லை. ஆள் சேர்ந்தால் ஆளைக் கழிக்கலாம் என்று உனக்கு யார் படிப்பித்தது? கத்தரிக்காயா?

திங்கட்கிழமை கடை மூடியதும் சோறு கறி கட்டிக்கொண்டு யோகனின் அறைக்குப் போனேன். உனக்காக மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலிலேயே நின்று, பொடியன் தெரியாமல் செய்துவிட்டான், மனதில் வைத்திருக்காதீர்கள் என்றேன். அவர் என்னை உள்ளே வரச் சொல்லவும் மறந்து, "பிளேன் போய் இறங்கிட்டுதோ அக்கா? தம்பி போன் எடுத்தவனோ?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நல்லாக இருக்கிறார்கள் என்றேன். "அண்ணை? அண்ணைக்குப் பிரஷர் ஒண்டுமில்லையே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அதன் பிறகுதான் கட்டிலில் இருந்தார்.

"என்னை வெட்டினது பறவாயில்லை அக்கா. நான் ஆர், ஓரத்தில நிண்ட ஆள். உங்களை மூண்டு பேரா நிப்பாட்டிப் போட்டானே. அவ்வளவு பெரிய திரையில. ஒண்டு ரெண்டில்லை, எல்லாப் படத்திலையும். எனக்குச் சோறு இறங்கேல்லை."

கேட்டாயா? சபையில் தன்னை இல்லாமல் ஆக்கிவிட்டாயே என்று அவர் எழும்பிப் போகவில்லை. நாங்கள் காவல் இல்லாமல் நிற்கிறோமே என்று பயந்து போயிருக்கிறார். அந்த மனிதரைத்தான் நீ ஓரம் சுத்தமாக வேண்டும் என்று துடைத்தாய். என் கோபம் இப்போது போன கிழமை இருந்ததைவிடக் கூட. அவர் உன்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெட்டாத படங்கள் உன்னிடம் இருக்கின்றன. அத்தனையையும் முழுசாக, லீக்ஸ் கட்டோடு, ஈர ஏப்ரனோடு, மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பு. அது யாருடைய கை என்று கேட்ட அந்தச் சின்னப்பிள்ளையின் வீட்டுக்கு முதலில் அனுப்பு. மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவரிடம் போய் நிற்காதே, அவருக்கு அது விளங்காது, நீ ஏதோ ஆபத்தில் இருக்கிறாய் என்றுதான் நினைப்பார். லிஸ்பனிலிருந்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமை கமராவோடும் அதன் முக்காலியோடும் ரூ பிலிப்-து-ஜிராருக்கு வா. அந்தப் படக்கடை இப்போது தொலைபேசி திருத்தும் கடையாகிவிட்டது, அருவித் திரையும் போய்விட்டது. தெருவிலேயே நிற்போம். உன் அப்பா, நான், நீ, அபிநயா, யோகன். ஐந்து பேர். உன் சட்டத்துக்கும் சரி, ஒற்றை எண்ணிக்கை. அவர் பயத்துக்கும் சரி, மூன்று இல்லை. எந்தக் கோட்டில் யாரை நிறுத்துவாயோ, எவ்வளவு சுவரை வெறுமையாக விடுவாயோ, அது உன் தொழில், நான் வாய் திறக்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும். கமராவை வைத்துவிட்டு நீ ஓடி வந்து நிற்பதற்குள் அவர் பழக்கத்தில் வலது பக்க ஓரத்துக்குப் போய்விடுவார். விடாதே. அந்த மணிக்கட்டைப் பிடித்து நடுவுக்கு இழுத்துக்கொண்டு வா. அவராக வரமாட்டார்.

அம்மா